அப்பத்தாவுக்கு ஒரு ஓ.எஸ்.!

2025 அக்டோபர் 14. 'விண்டோஸ் 10-க்கு இன்றோடு விடை' என்று எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில் ஒரு செய்தி போட்டோம். இனி பாதுகாப்பு அப்டேட் கிடையாது. விண்டோஸ் 11-க்கு மாற வேண்டுமென்றால், கம்ப்யூட்டரில் குறைந்தது 4 ஜி.பி. ராம், 64 ஜி.பி. இடம், டி.பி.எம். 2.0 என்கிற பாதுகாப்பு வசதி எல்லாம் வேண்டும். மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் பட்டியலில் நம் பிராசஸரும் இருக்க வேண்டும். மாற முடியாதவர்கள் பதிவு செய்துகொண்டால் இன்னும் ஓராண்டுக்கு அப்டேட் வரும். செய்தி அவ்வளவுதான்.

அன்று மாலையே தம்பி போன் செய்தான். "அக்கா, நம்ம கவர்ன்மென்ட் லேப்டாப்பும் இதுல சேர்த்தியா?"

சேர்த்திதான். 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், தம்பி பிளஸ் டூ படித்தபோது 2019-ல் கிடைத்தது அது. 4 ஜி.பி. ராம், 500 ஜி.பி. ஹார்ட் டிஸ்க். காலேஜ் முழுக்க அவனைக் கரைசேர்த்தது. போன வருடம் திண்ணையிலிருந்து விழுந்து டிஸ்ப்ளே உடைந்தது. மாற்றுகிற செலவுக்கு இன்னும் கொஞ்சம் போட்டால் பழைய லேப்டாப் ஒன்றையே வாங்கிவிடலாம் என்றார்கள் கடையில். உடைந்த டிஸ்ப்ளேவைக் கழற்றிவிட்டு, அடிப்பாகத்தை மட்டும் ஹெச்.டி.எம்.ஐ. கேபிளில் டி.வி-யோடு இணைத்தான் தம்பி. கீபோர்டோடு ஒரு தட்டையான பெட்டி. எங்கள் வீட்டு ஹோம் தியேட்டர் கம்ப்யூட்டர் அதுதான்.

விண்டோஸ் போகிறது என்றால் அதற்குப் பதில் என்ன போடுவது? தீபாவளி லீவுக்கு ஊருக்குப் போனதும் இந்தக் கேள்விக்கு ஆளுக்கொரு பதில் சொன்னார்கள்.

ஆளுக்கொரு ஆசை

எங்கள் ஊர் புதுக்கோட்டை மாவட்டத்தில், கீரமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். வீட்டில் இருப்பது 32 இன்ச் டி.வி. 'ஸ்மார்ட்' கிடையாது. செய்தியும் சீரியலும் கேபிளில் ஓடும்.

தம்பிக்கு ஓ.டி.டி. வேண்டும். அப்பாவுக்கு இந்தப் பேச்சே பிடிக்கவில்லை. "பேசாம ஒரு ஸ்மார்ட் டி.வி. வாங்கிட்டா வேலை முடிஞ்சது. இதைப் போட்டு நோண்டிக்கிட்டு" என்றார். அம்மாவுக்கு எதுவானாலும் சரி, கரன்ட் போய் வந்தால் பழையபடி ஓட வேண்டும்.

அப்பத்தா யாரும் கேட்காமலே சொன்னார். "ஏத்தா, அந்தப் பொட்டியில தாத்தாவோட நாடகம் தெரியுமா?"

தாத்தா நாடக மேடைகளில் ஹார்மோனியம் வாசித்தவர். எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் 'வள்ளி திருமணம்' போடாத ஊர் குறைவு. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய நாடகம். ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கினால் விடிய விடிய நடக்கும். அப்படி 2004-லும் 2007-லும் நடந்த இரண்டு நாடகங்களை ஊர்க்காரர்கள் வீடியோ எடுத்து வி.சி.டி. போட்டார்கள். ஒரு வி.சி.டி-யில் 74 முதல் 80 நிமிடம்தான் பிடிக்கும். அதனால் ஓர் இரவு நாடகத்துக்கு ஐந்தாறு டிஸ்க். எங்களிடம் இருந்தவை மொத்தம் பதினொன்று.

தாத்தா 2012-ல் போய்விட்டார். 2018 நவம்பர் 16-ம் தேதி கஜா புயல் எங்கள் பகுதியைப் புரட்டிப்போட்டபோது, கூரை வழியே இறங்கிய தண்ணீரில் வி.சி.டி. பிளேயரும் போனது. டிஸ்க்குகள் டிரங்குப் பெட்டியில் தப்பித்தன. தாத்தாவின் ஹார்மோனியத்தை அப்பத்தா கேட்டு ஏழு வருடம் ஆகியிருந்தது.

அதுவரை நாங்கள் மூன்று பேரும் லேப்டாப்பை மையமாக வைத்து யோசித்துக்கொண்டிருந்தோம். எது வேகம், எது புதிது, எது இலவசம் என்று. அப்பத்தா கேட்ட பிறகு எனக்குக் கேள்வி மாறிவிட்டது. ரிமோட் யார் கையில் இருக்கப்போகிறது? 78 வயது, எழுத்துக்கூட்டித்தான் தமிழே வாசிப்பார், மவுஸைத் தொட்டதில்லை. அவரால் தனியாக நாடகம் போட்டுப் பார்க்க முடிந்தால், மற்ற எல்லோராலும் எதையும் பார்க்க முடியும்.

நான்கு வேட்பாளர்கள்

லீவு ஐந்து நாள். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம்.

முதலில், இருந்த விண்டோஸ் 10. இதற்கு ஒரு பெரிய பலம் உண்டு. தம்பி கேட்ட ஓ.டி.டி-க்கு இதுதான் நல்லது. ஓ.டி.டி. நிறுவனங்கள் படத்தைத் திருடாமல் இருக்க ஒரு டிஜிட்டல் பூட்டுப் போட்டு அனுப்புகின்றன. விண்டோஸில் எட்ஜ் பிரவுசரில் அந்தப் பூட்டு முறையாகத் திறப்பதால், நெட்ஃப்ளிக்ஸ் போன்றவை முழுத் தரத்தில் தெரியும். ஆனால் எங்கள் லேப்டாப்பில் சுவிட்ச் போட்டு படம் ஓடத் தொடங்க நான்கு நிமிடம் ஆனது. பாஸ்வேர்டு கேட்டது. அப்டேட் பற்றி ஓர் அறிவிப்பு, அதை மூடினால் இன்னொன்று. அப்பத்தா ரிமோட்டை என்னிடமே நீட்டிவிட்டார். ஒரு காலத்தில் விண்டோஸிலேயே 'மீடியா சென்டர்' என்று டி.வி-க்கான பெரிய எழுத்துத் திரை இருந்தது. 2015-ல் விண்டோஸ் 10 வந்தபோது அதை எடுத்துவிட்டார்கள்.

இரண்டாவது, லேப்டாப்போடு கூடவே வந்த 'பாஸ்'. இலவச லேப்டாப் வாங்கியவர்களுக்கு நினைவிருக்கும். சுவிட்ச் போட்டதும் கறுப்புத் திரையில் இரண்டு வரி வரும், ஒன்று விண்டோஸ், இன்னொன்று பாஸ். தம்பி பதறிப்போய் அம்புக்குறியை அழுத்தி விண்டோஸுக்கு ஓடிவிடுவான். 'பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்' என்பதன் சுருக்கம் அது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம், டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து 2007-ல் வெளியிட்டது. தமிழில் மெனு வரும். ஆறு வருடம் கழித்து முதன்முறையாக அதற்குள் போனோம். நன்றாகவே ஓடியது. ஆனால் அது 2019-ல் போட்டுக் கொடுத்தது, அதன் பிறகு யாரும் அப்டேட் செய்யவில்லை. எப்படியும் புதிதாக ஒன்று போடுவதென்றால், டி.வி-க்கென்றே செய்ததைப் போடலாமே என்று தோன்றியது.

மூன்றாவது, லினக்ஸ் மின்ட். இதுவும் இலவசம். விண்டோஸ் பழகியவர்களுக்கு அந்நியமாகத் தெரியாது. பிரவுசர், வி.எல்.சி. எல்லாம் உண்டு. பழைய லேப்டாப்பை எழுத, படிக்க, நெட் பார்க்க வைத்துக்கொள்கிறவர்களுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு இதைச் சொல்வேன். ஒரே குறை, லினக்ஸ் பிரவுசரில் பல ஓ.டி.டி-கள் தரத்தைக் குறைத்துத்தான் தரும். அந்த டிஜிட்டல் பூட்டின் உயர்ந்த நிலை அதில் இல்லை. தம்பி அதற்கு ஒப்புக்கொண்டான். அப்பத்தாவுக்குத்தான் சரிவரவில்லை. பத்தடி தள்ளிக் கட்டிலில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தச் சின்னச் சின்ன ஐகான்கள் கடுகு மாதிரி தெரிந்தன.

நான்காவது, லிப்ரே எலெக். இது முழு ஓ.எஸ். கூட இல்லை. 'கோடி' என்கிற ஒரே ஒரு மென்பொருளை ஓட்ட எவ்வளவு லினக்ஸ் தேவையோ அவ்வளவு மட்டும் உள்ளது. கோடி என்பது படம், பாட்டு, போட்டோவை டி.வி-யில் பெரிதாகக் காட்டுகிற இலவச மென்பொருள். மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டியில் படம் பார்ப்பதற்காக ஆர்வலர்கள் சேர்ந்து எழுதியது. 2014-ல் கோடி என்று பெயர் மாற்றினார்கள். பெயரைக் கேட்டதும் அப்பா, "எத்தனை கோடி?" என்றார். ஒரு பைசா இல்லை.

பென் டிரைவில் ஏற்றிப் போட்டோம். டெஸ்க்டாப் இல்லை, பாஸ்வேர்டு இல்லை. சுவிட்ச் போட்டால் நேராகக் கோடிதான். நான்கு அம்புக்குறி, ஓ.கே., பேக், இந்த ஆறு பட்டன் தெரிந்தால் போதும்.

'ஆண்ட்ராய்டு பாக்ஸ் வாங்கினால் என்ன?' என்று நீங்கள் கேட்கலாம். பெயர் தெரிந்த நிறுவனங்களின் ஸ்டிக் நல்ல பொருள்தான், ஓ.டி.டி. மட்டுமே வேண்டும் என்றால் அதையே வாங்குங்கள். பெயர் தெரியாத மலிவு பாக்ஸ்களில் மட்டும் கவனம் தேவை. வாங்கும்போதே உள்ளுக்குள் தீங்கிழைக்கும் மென்பொருளோடு வரும் பாக்ஸ்கள் பற்றி 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. எச்சரித்தது. எங்களுக்கு ஸ்டிக் சரிவராததற்குக் காரணம் வேறு. வீட்டில் இருக்கும் நெட், அம்மாவின் போன் ஹாட்ஸ்பாட். ஒரு நாளைக்கு ஒன்றரை ஜி.பி. ஹெச்.டி. படம் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜி.பி. வரை இழுக்கும் என்று நெட்ஃப்ளிக்ஸே சொல்கிறது. அரை மணி நேரத்தில் நாள் முடிந்துவிடும். மழைக்காலத்தில் டவரே கிடைக்காத நாள்களும் உண்டு. எங்கள் பெட்டி முதலில் நெட் இல்லாமல் ஓட வேண்டும்.

டிஸ்க்கிலிருந்து பெட்டிக்கு

ஓ.எஸ். முடிவாவதற்கு முன்பே டிஸ்க்குகளைக் காப்பாற்றும் வேலை இருந்தது. சென்னையிலிருந்து ஒரு யு.எஸ்.பி. டி.வி.டி. டிரைவ் வாங்கிப் போயிருந்தேன்.

உங்கள் வீட்டிலும் கல்யாண வி.சி.டி. இருந்தால் இந்தப் பகுதி உதவும். டிஸ்க்கைத் திறந்தால் 'எம்பெக்ஏவி' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதற்குள் 'டேட்' என்று முடியும் பெரிய ஃபைல்தான் படம். விண்டோஸில் அதை அப்படியே காப்பி செய்யலாம். லினக்ஸில் அதே ஃபைலைக் காப்பி செய்தால் 'எரர்' என்று நின்றுவிடும். டிஸ்க் கெட்டுவிட்டது என்று தூக்கிப்போட்டுவிடாதீர்கள். சாதாரண சி.டி-யில் கீறல் விழுந்தால் சரிசெய்துகொள்ளக் கூடுதல் தகவலுக்கென்று இடம் ஒதுக்கியிருப்பார்கள். வி.சி.டி-யில் அந்த இடத்தையும் படத்துக்கே கொடுத்துவிட்டார்கள். 80 நிமிடப் படம் ஒரே டிஸ்க்கில் அடங்குவது அதனால்தான். எழுதிய முறை வேறு என்பதால் லினக்ஸால் சாதாரண ஃபைலாகப் படிக்க முடிவதில்லை. 'வி.சி.டி. இமேஜர்' என்ற இலவசத் தொகுப்பில் அதற்கென்றே ஒரு கருவி இருக்கிறது. அதில் எடுத்தால் வந்துவிடும்.

நாங்கள் விண்டோஸை அழிப்பதற்கு முன்பே காப்பி எடுத்தோம். பதினொன்றில் பத்து வந்தது. 2004-ம் வருட நாடகத்தின் நான்காவது டிஸ்க் மட்டும் வரவில்லை. மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடைத்துப் பார்த்தோம். விண்டோஸ், மின்ட் இரண்டிலும் முயன்றோம். ஆலங்குடியில் வீடியோ ஸ்டுடியோ வைத்திருக்கும் மாமாவின் பழைய கம்ப்யூட்டரிலும் போட்டுப் பார்த்தோம். மேல் பூச்சு பொரிந்திருந்தது. மாமா டிஸ்க்கை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். ஊசிக் குத்து மாதிரி வெளிச்சம் ஊடுருவி வந்தது. "தகவல் இருக்கறதே இந்தப் பூச்சுலதான். உதிர்ந்தா உதிர்ந்ததுதான்" என்றார்.

வீடியோ எடுத்தவரிடம் ஒரிஜினல் கேசட் இருக்குமா என்று கேட்டோம். கஜாவில் அவருடைய கடையே போய்விட்டதாம்.

ஏழு வருடத்தில் ஒரு டிஸ்க் போனது. இன்னும் ஏழு வருடம் பெட்டியிலேயே இருந்திருந்தால் எத்தனை மிஞ்சியிருக்கும் என்று அப்போது அப்பா கேட்டார். அதன் பிறகு அவர் ஸ்மார்ட் டி.வி. பற்றிப் பேசவில்லை. கடைக்குப் போய் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் போட 240 ஜி.பி. எஸ்.எஸ்.டி. ஒன்று வாங்கி வந்தார். பழைய ஹார்ட் டிஸ்க்கை ஒரு யு.எஸ்.பி. உறையில் போட்டு, நாடகங்களின் இன்னொரு பிரதியை அதில் வைத்தோம். மூன்றாவது பிரதி என்னோடு சென்னைக்கு வந்தது.

படிக்காமலே புரிகிற திரை

புது எஸ்.எஸ்.டி-யில் லிப்ரே எலெக். சுவிட்ச் போட்ட அரை நிமிடத்தில் திரை வந்துவிட்டது. பிறகு அப்பத்தாவுக்கு ஏற்ற மாதிரி நான்கு மாற்றங்கள்.

ஒன்று, மெனு. கோடியின் முதல் திரையில் படம், சீரியல், பாட்டு, வானிலை என்று நீளமான பட்டியல் இருக்கும். செட்டிங்ஸில் 'ஸ்கின்' பகுதிக்குப் போய் வேண்டாததை எல்லாம் மறைத்துவிடலாம். மூன்று மட்டும் மிச்சம் வைத்தோம்.

இரண்டு, படம். ஒரு ஃபோல்டருக்குள் 'ஃபோல்டர்' என்று ஆங்கிலத்தில் பெயரிட்ட ஒரு போட்டோவை வைத்தால், கோடி அதையே அட்டைப்படமாகக் காட்டும். 2004 நாடகத்துக்குத் தாத்தா ஹார்மோனியத்தோடு உட்கார்ந்திருக்கும் காட்சி, 2007-க்கு முருகன் வேஷம். எழுத்தே வேண்டாம்.

மூன்று, தொடர்ச்சி. ஃபைல்களின் பெயர் முடிவில் சிடி1, சிடி2 என்று ஆங்கிலத்தில் வரிசையாகப் போட்டு, அமைப்பில் சேர்த்துக் காட்டச் சொன்னால், கோடி அவற்றை ஒரே படமாக எடுத்துக்கொள்ளும். முன்பு ராத்திரி ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை யாராவது எழுந்து டிஸ்க் மாற்ற வேண்டும். இப்போது வேண்டாம். பாதியில் நிறுத்தினாலும் மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடங்கும்.

நான்கு, முகம். வி.சி.டி. படம் 352-க்கு 288 புள்ளிகள், பழைய டி.வி-யின் 4:3 அளவு. அகலமான டி.வி. அதை இழுத்து நிரப்பியபோது, தாத்தா ஊதிப்போன மாதிரி தெரிந்தார். "இது யாரு?" என்றார் அப்பத்தா. இரு பக்கமும் கறுப்பு விட்டு இயல்பான அளவில் காட்டும்படி மாற்றி, எல்லா வீடியோவுக்கும் அதுவே என்று சேமித்தோம். "ம்… இப்ப இது அவுகதான்."

டி.வி. ரிமோட்டிலேயே இயக்க முடியுமா என்றால், ராஸ்பெர்ரி பை போன்ற சின்ன கம்ப்யூட்டர்களில் முடியும். பெரும்பாலான லேப்டாப்களில் அந்த வசதி கிடையாது. அதனால் யு.எஸ்.பி-யில் சொருகும் ஒரு தனி ரிமோட் வாங்கினோம். தேவைப்படாத பட்டன்கள் மேல் தம்பி கறுப்பு டேப் ஒட்டிவிட்டான்.

அம்மா கேட்ட கரன்ட் விஷயமும் இதில் தீர்ந்தது. லேப்டாப் என்பதால் பேட்டரியே யு.பி.எஸ். பேட்டரியும் தீர்ந்து அணைந்தாலும், லிப்ரே எலெக்கின் மூல ஃபைல்கள் படிக்க மட்டுமே முடிகிறவை, எழுத முடியாதவை. திடீரென்று அணைவதால் அவை கெட்டுப்போகும் பயம் குறைவு. தீபாவளிக்கு மறுநாள் மழையில் மூன்று முறை கரன்ட் போய் வந்தது. மூன்று முறையும் பழையபடி ஓடியது.

தம்பிக்கு? லினக்ஸ் மின்டை ஒரு பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தேன். லேப்டாப் முதலில் பென் டிரைவைத் தேடும்படி அமைத்தோம். சொருகியிருந்தால் மின்ட், தம்பியின் ஓ.டி.டி. உருவிவிட்டால் கோடி, அப்பத்தாவின் நாடகம். தரம் கொஞ்சம் குறைவு என்று இன்னும் குறைபட்டுக்கொள்கிறான். அது உண்மைதான். அந்தக் குறை தெரிந்தேதான் இதைத் தேர்ந்தெடுத்தோம். அவனுக்கு அந்தப் படங்களைப் பார்க்க போன் இருக்கிறது. அப்பத்தாவுக்கு தாத்தாவைப் பார்க்க வேறு இடம் இல்லை.

உங்கள் வீட்டுப் பெட்டிக்கு

இலவச லேப்டாப் வாங்கிய வீடுகள் தமிழகத்தில் லட்சக்கணக்கில் இருக்கின்றன. கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் லேப்டாப் அல்லது டேப்லெட் என்று 2025-26 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். புதியது வரும்போது பழையது பரணுக்குப் போகும். போடுவதற்கு முன் வீட்டில் மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். யார் பார்க்கப்போகிறார்கள்? எதைப் பார்க்கப்போகிறார்கள்? நெட் இல்லாத அன்று அது என்ன செய்யும்? ஓ.டி.டி-தான் எல்லாம் என்றால், பழைய லேப்டாப்போடு போராட வேண்டாம், நல்ல ஸ்டிக் போதும். படிக்க, எழுத என்றால் லினக்ஸ் மின்ட். வீட்டுக் கல்யாணம், காதுகுத்து, திருவிழா வீடியோக்களைப் பெரியவர்கள் உட்கார்ந்து பார்க்க என்றால் லிப்ரே எலெக். எதையும் போடுமுன் பழைய ஃபைல்களைக் காப்பி எடுத்துவிடுங்கள். பென் டிரைவில் ஓட்டிப் பார்த்துவிட்டு, பிடித்தால் மட்டும் உள்ளே போடுங்கள்.

அப்படியே பீரோவில் கிடக்கும் வி.சி.டி-களை இந்த வாரமே வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். ஓ.எஸ். எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம், டிஸ்க்குக்கு அந்த வசதி இல்லை.

அப்பத்தா இப்போது தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் பார்க்கிறார் என்று அம்மா சொன்னார். 2004 நாடகம் மூன்றாவது டிஸ்க்கிலிருந்து நேராக ஐந்தாவதுக்குத் தாவுகிறது. அந்த இடம் வந்ததும் ரிமோட்டில் நிறுத்திவிட்டு, பக்கத்தில் யார் இருந்தாலும் நடுவில் நடந்ததை அவரே சொல்வாராம், தாத்தா எந்தப் பாட்டுக்கு எப்படி வாசித்தார் என்பது வரைக்கும். போன வாரம் தம்பி அதை போனில் ரெக்கார்டு செய்திருக்கிறான். இருபது நிமிடம். அதற்கும் சிடி4 என்று பெயர் போட்டு வரிசையில் சேர்த்துவிட்டானாம்.